மேல்மாடி ஹீற்றர்

அறைச் சுவரில் சுடுதண்ணீர் ஓடும் ஒரு ஹீற்றரைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பூட்டுவது பெரிய வித்தை இல்லை. பொறுமையும், நல்ல குறடு ஒன்றும், தரையில் விரிக்க ஒரு பிளாஸ்ரிக் விரிப்பும் இருந்தால் ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும். இந்த நாட்டுச் சனங்கள் அதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் பெயர் லோறன்ஸ். வயது ஐம்பத்தைந்து. ஜேர்மனியில் ஹம் நகரில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். கம்பியின் தடிப்பை அளந்து, இது சரி, இது பிழை என்று பிரிக்கும் வேலை. நடந்ததைப் பற்றி விரும்பினால் எழுத்தில் தெரிவிக்கலாம், தாய்மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் பொலிஸ் கடிதத்தில் இருந்தது. அதற்கு நன்றி. என் ஜேர்மன் மொழி தொழிற்சாலைக்கும் கடைக்கும் போதும், இதற்குப் போதாது. மொழிபெயர்க்கப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். நான் நிதானமாக எழுதுகிறேன், நீங்களும் நிதானமாக மாற்றுங்கள். இரக்கப்பட்டு எதையும் மென்மையாக்க வேண்டாம்.

விபத்து நடந்த அன்று உங்கள் ஆட்கள் கேட்டபோது, "ஒழுங்கு மாறிப்போச்சு, எனக்கு இந்த வேலை தெரியாது" என்று சொன்னேன். அதை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டார்கள். அந்த வசனத்தைத் திருத்துவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு அறுபதுகளில் கட்டிய வீடு. மேல்மாடியில் மகள் லவினியாவின் அறை இருக்கிறது. அவள் ஆஹென் நகரில் பொறியியல் படிக்கிறாள். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் வருவாள். ஒக்டோபர் தொடக்கத்தில் அந்த அறை ஹீற்றரின் அடிப்பக்கத்தில் துரு பிடித்துச் சொட்டத் தொடங்கியது. நான் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியை அடியில் வைத்தேன். காலையும் மாலையும் ஊற்றினேன். ஊற்றும்போது அளந்தும் வைத்தேன். முதல் கிழமை நாளொன்றுக்கு அரைக் கோப்பை, மூன்றாம் கிழமை ஒன்றரைக் கோப்பை. என் மனைவி கொறற்றி ஒருநாள் உடுப்புக் கூடையோடு வாசலில் நின்று பார்த்தாள்.

"இப்பிடி அளந்துகொண்டிருந்தால் அது சுகமாகுமே?" என்றாள்.

பகிடியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஹீற்றர் வேலை செய்யும் கொம்பனி ஒன்றுக்கு ரெலிபோன் எடுத்தேன். வேலைக்கு வர ஜனவரி பதினாறாம் திகதிக்கு ரேர்மின் தந்தார்கள். சுவர்க் கலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டேன். ஆனால் அதோடு நான் சும்மா இருக்கவில்லை. நிலவறையில் நிற்கும் கொதிகலனோடு வந்த அறுபத்துநாலு பக்கப் புத்தகத்தை எடுத்து, அகராதியோடு இருந்து, இரண்டு கிழமை வாசித்தேன். எந்தத் திருகு எதற்கு, தண்ணீர் எந்த வழியால் போய் எந்த வழியால் திரும்புகிறது, அழுத்தம் எவ்வளவு நிற்கவேண்டும், எல்லாம் பாடமாக்கினேன். எங்கள் வீட்டு ஹீற்றர் வால்வும் பழசு, இறுகிப்போனது. அதையும் கழற்றி மாற்றுவதென்றால் வீட்டுக் குழாய்களில் நிற்கும் முழுத் தண்ணீரையும் முதலில் நிலவறையால் இறக்கவேண்டும் என்பதையும் நானாகவே கண்டுபிடித்தேன். லவினியா வருவதற்குள் நானே மாற்றிவிட்டுக் கொறற்றியை ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆச்சரியம் இல்லையே.

நான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்த கிழமை அவள் சொன்னாள், "ஹீற்றர் அலுவலைக் கீர்த்தனனிட்டைச் சொல்லிப்போட்டன். தான் வந்து மாத்தித் தாறன் எண்டவர்."

கீர்த்தனன் யார் என்று சொல்லவேண்டும். வயது முப்பத்தெட்டு. கோப்பாய் ஆள். இங்கே வந்து ஒன்பது வருடம். பார்சல் வான் ஓட்டுகிறான். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறான். கலியாணம் கட்டி மூன்று வருடம், மனைவி நிருஷா இன்னும் ஊரில். அவள் ஜேர்மன் பரீட்சையில் பாஸ் பண்ணினால்தான் விசா. ஞாயிற்றுக்கிழமைகளில் கொறற்றிதான் ரெலிபோனில் அந்தப் பிள்ளைக்கு ஜேர்மன் சொல்லிக்கொடுப்பாள். அவன் எங்களை அண்ணை, அக்கா என்று கூப்பிடுவான். அவனுக்கும் கொறற்றிக்கும் இடையில் ஒன்றுமில்லை. நீங்கள் அந்தக் கோணத்தில் விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலே எழுதிவிடுகிறேன். அவள் அவனைத் தம்பி என்றுதான் நினைத்தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைப்பதில் பயன் இல்லை. ஆனால் உங்கள் படிவங்களில் போடும் வகைப் பொறாமை இல்லை. அவன் எங்கள் தண்ணீர்க் குழாயைத் திருத்தினான். உடுப்புத் தோய்க்கும் மெசினைப் பிரித்துப் போட்டுப் பூட்டினான். எல்லாம் வீடியோ பார்த்துப் பழகியதாம். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று கொறற்றி சேர்ச்சில் நாலு பேர் நிற்கும்போது சொன்னாள். என்ன உடைந்தாலும் அவள் வாயில் முதலில் வருவது அவன் பெயராகிவிட்டது. என் பெயர் கலண்டரில் வட்டம் போடும் அலுவலுக்கு மட்டும்தான் வந்தது. அதை ஒரு நாள் தாங்கலாம், இரண்டு நாள் தாங்கலாம். ஐந்து வருடம் தாங்கிப் பார்த்தவனுக்குத்தான் வயிறு எப்படி எரியும் என்று தெரியும்.

"அவர் ஏன்? நானே மாத்துவன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "உங்களுக்கேன் வீண் வேலை? பல்ப் மாத்தப் போய் வீட்டுக் கறண்டையே போக்காட்டின ஆள்."

அது நடந்தது பதினொரு வருடத்துக்கு முன்பு. ஒரு தடவை.

புத்தகத்தைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்துவிட்டவளுக்கு முன்னால் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவது பரீட்சைத் தாளைக் கொண்டுபோய் வாத்தியாருக்குக் காட்டுவதுபோல இருந்தது. கீழே இறங்கிப்போய் அதை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

புது ஹீற்றர் வாங்குமுன் அளவெடுக்க அவன் வந்தான். மேல் துளைக்கும் கீழ் துளைக்கும் நடுவில் எவ்வளவு என்பதுதான் முக்கியம். அது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். அந்த அளவு என் சட்டைப் பையில் ஒரு துண்டில் எழுதியிருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. அவன் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, மற்ற முனையைக் கொறற்றி பிடித்தாள். நான் கதவடியில் நின்றேன். அவன் பிழையாக அளக்கவேண்டும் என்று மனதுக்குள் செபம்கூடச் செய்தேன். சரியாக அளந்தான். ஐம்பது சென்ரிமீற்றர். என் துண்டிலும் அதுதான் இருந்தது.

வேலைக்கு வைத்த நாள் நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்திய ஆறு நாளும் அவன் கந்தசஷ்டி விரதம். அன்று காலை விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை. விரதம் இருந்தவன் தனியாகச் சமைத்துச் சாப்பிடக்கூடாது என்று கொறற்றி தானே சமைக்கப் புறப்பட்டாள். நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் மீன் படாத சட்டி ஒன்றும் இல்லை. அவள் கடைக்குப் போய்ப் புதுச்சட்டி ஒன்று வாங்கிவந்தாள். அகப்பையும் புதிது. ஐந்து மணிக்கு எழும்பி, குளித்து, ஏழு மரக்கறி சமைத்தாள். எனக்குச் சீனி வருத்தம் வந்து ஆறு வருடம். குரக்கன் புட்டு அவித்துத் தரும்படி ஆவணி மாதம் கேட்டேன். மா வாங்கி வைத்தாள். அது இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

அவன் தலைக்கு முழுகி, நெற்றியில் திருநீறோடு வந்து இருந்து சாப்பிட்டான். அவள் பரிமாறினாள். "ஆறு நாளும் வெறும் பாலும் பழமுமே தம்பி? எலும்பும் தோலுமாப் போனீர்" என்றாள். நானும் அதே மேசையில் இருந்து அதே சோற்றைத்தான் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கறி நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குக் கோபம்.

ஒன்பது மணிக்கு மூவரும் நிலவறைக்கு இறங்கினோம். அவன் எனக்கு என் கொதிகலனைக் காட்டினான். இதுதான் சுவிட்ச் என்றான். இதுதான் தண்ணீர் இறக்கும் திருகு, இந்த ரியூப்பை இதில் பூட்டி மற்ற முனையைத் தரையில் இருக்கும் துவாரத்துக்குள் விடவேண்டும் என்றான். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கொதிகலனில் ஒட்டினான். ஒன்று, சுவிட்சை நிறுத்தவும். இரண்டு, சூடு ஆற ஒரு மணித்தியாலம் விடவும். மூன்று, திருகைத் திறந்து தண்ணீரை இறக்கவும். நாலு, தண்ணீர் நின்றதும் ரெலிபோனில் சொல்லவும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்.

"அண்ணை, நீங்கள் கீழை நில்லுங்கோ. இதுதான் முக்கியமான வேலை. மேலை நான் பாக்கிறன்."

"ஓம், அவர் கீழை நிண்டாத்தான் எங்களுக்கும் நிம்மதி" என்றாள் கொறற்றி.

இருவரும் மேலே போனார்கள். அவர்கள் கட்டிலை நகர்த்தி, விரிப்பு விரித்து, பழைய ஹீற்றரின் வால்வை இறுக்கி மூடி, ஆணிகளுக்கு எண்ணெய் விடுவதற்கு ஒரு மணித்தியாலம் ஆகும். நான் சுவிட்சை நிறுத்தினேன். முதலாவது வரி முடிந்தது. ஒரு மர வாங்கில் குந்தியிருந்தேன்.

பழைய வீடுகளில் குழாய் வழியாகச் சத்தம் இறங்கும். கொதிகலன் ஓடும்போது தெரியாது, நின்றதும் தெரியும். மேலே அவர்கள் கதைப்பது எனக்குக் கேட்டது. எல்லாச் சொல்லும் இல்லை. கொறற்றி ஏதோ சொன்னாள். அதில் "கறண்ட்" என்ற சொல் கேட்டது. அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பதை நான் கேட்டுப் பல வருடம் இருக்கும். மூச்சு வாங்கி, நிறுத்தி, மீண்டும் தொடங்கி, நிறுத்த முடியாமல் சிரிக்கும் சிரிப்பு. கலியாணம் கட்டிய புதிதில் என்னோடு அப்படிச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பதற்கு நான் காரணம்தான், ஆனால் சிரிப்பது என்னோடு இல்லை.

நான் எழும்பிச் சுவிட்சைத் திரும்பப் போட்டேன்.

ஒழுங்கு மாறவில்லை. தெரியாமல் தட்டவும் இல்லை. வெப்பத்தைக் கூட்டும் திருகையும் கடைசிவரை திருப்பினேன். புத்தகத்தில் பத்தொன்பதாம் பக்கத்தில் அது இருக்கிறது. தீ பிடிக்கும் சத்தம் மெதுவாகக் கேட்டது. மேலே அந்த அறை ஹீற்றரின் வால்வு மூடியிருந்ததால் அது குளிர்ந்தபடியே கிடக்கும், அவர்கள் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. இதையும் யோசித்துத்தான் செய்தேன். தண்ணீர் இறக்கும் திருகை நான் தொடவே இல்லை.

பத்து மணிக்கு அவன் ரெலிபோன் எடுத்தான்.

"அண்ணை, திருகைத் திறந்திட்டியளோ? தண்ணி இறங்குதோ?"

"இறங்குது தம்பி. கறுப்பாப் போகுது."

கறுப்பாகப் போகும் என்றும் புத்தகத்தில் இருந்தது.

என் எண்ணம் என்னவென்று நீங்கள் கேட்பீர்கள். நீண்ட நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதிலை முதலில் எழுதுகிறேன். அவன் வால்வைக் கழற்றுவான், தண்ணீர் சீறும், சுவரும் கட்டிலும் நனையும், அவன் மழையில் அகப்பட்ட கோழிபோல நிற்பான், கொறற்றி பார்ப்பாள். கீர்த்தனனுக்கும் பிழைக்கும் என்று ஒரு தடவையாவது அவள் கண்ணால் காணவேண்டும். அவ்வளவுதான். கொறற்றி அந்த நேரம் மத்தியானச் சமையலுக்குக் குசினிக்கு வந்திருப்பாள், பிறகுதான் ஓடிப்போய்ப் பார்ப்பாள் என்றும் நினைத்தேன்.

ஒருவனை நனைப்பதற்குக் குளிர்ந்த தண்ணீர் போதும். சுவிட்சைப் போடவேண்டியதில்லை. இதை நீங்கள் கேட்கமுன் நானே எழுதிவிடுகிறேன்.

பத்தேமுக்காலுக்கு இரண்டாம் தடவை எடுத்தான்.

"அண்ணை, தண்ணி நிண்டிட்டுதோ?"

"ஓம், நிண்டிட்டுது."

"முழுக்க இறங்கினதோ? வால்வடியிலை குழாய் இன்னும் சூடாக் கிடக்குது."

நல்ல கேள்வி. கைகாரன்தான், ஒத்துக்கொள்கிறேன். என் இடத்தில் ஒன்றும் தெரியாத ஒருவன் நின்றிருந்தால் தடுமாறியிருப்பான். நான் தடுமாறவில்லை.

"காலமை வரைக்கும் எரிஞ்சதுதானே தம்பி. சுவருக்குள்ளை போற குழாய், சூடு நிக்கும். அது ஒண்டு ரெண்டு மணித்தியாலத்திலை ஆறாது."

"ஓம், அதுவும் சரிதான்" என்றான். நான் சொன்னதை அவன் சரி என்று ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

அதன்பின் நடந்ததை நான் காணவில்லை. கொறற்றியும் அவனும் உங்களுக்குச் சொன்னதிலிருந்துதான் எனக்கும் தெரியும். ஹீற்றருக்குள் நின்ற குளிர்ந்த தண்ணீர் முதலில் கொறற்றி அடியில் பிடித்திருந்த பேசினுக்குள் வந்திருக்கிறது. அவன் அதை மிச்சத் தண்ணீர் என்று நினைத்திருக்கிறான். ஹீற்றரைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, குழாயிலிருந்து வால்வைக் கழற்றத் தொடங்கினான். கடைசிச் சுற்றில் வால்வு கழன்று அவன் முகத்துக்கு நேரே வந்தது. கொறற்றி பேசினோடு பின்னால் சாய்ந்து, விரிப்பில் வழுக்கி விழுந்தாள். அவளால் எழும்ப முடியவில்லை. தண்ணீர் அவள் பக்கம் ஓடியது. அப்போது அவன் அந்தக் குழாய் வாயை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினான். அவள் தவழ்ந்து கதவடிக்குப் போகும்வரை கையை எடுக்கவில்லை.

கீழே எனக்கு முதலில் அவன் சத்தமும் பிறகு அவள் சத்தமும் கேட்டது. நான் ஓடவில்லை. சுவிட்சை நிறுத்தினேன். வெப்பத் திருகை இருந்த இடத்துக்குத் திருப்பினேன். ரியூப்பைப் பூட்டித் திருகைத் திறந்தேன், இந்தத் தடவை உண்மையாகவே. ஆறு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகுதான் மேலே போனேன். உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது கீழே எல்லாம் தாளில் எழுதியபடி ஒழுங்காக இருந்தது, நேரம்தான் பிந்தியிருந்தது. பாவம், தெரியாத மனுசன், திருகைத் திறக்கப் பிந்திவிட்டார் என்று எல்லாரும் எழுதினார்கள்.

கீர்த்தனனுக்கு இரண்டு உள்ளங்கையும், முழங்கைவரை தோலும், முகத்தில் இடப்பக்கமும் கழுத்தும். தீக்காயப் பிரிவில் ஏழு கிழமை. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். விரல்கள் முழுதாக மடங்காது என்று டொக்டர் சொன்னார். ஸ்ரியறிங் பிடிக்க ஏலாதென்றால் பார்சல் வானும் இல்லை, வேலை இல்லாவிட்டால் நிருஷாவின் விசாவும் இல்லை. கொறற்றிக்கு வலது கால், முழங்காலிலிருந்து பாதம்வரை. இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறாள்.

சேர்ச் சனமும் வந்தது, அம்பாள் கோயில் சனமும் வந்தது. சாப்பாடு கொண்டுவந்தார்கள். "ஆனைக்கும் அடி சறுக்கும் அண்ணை, நீங்கள் மனசை விடாதையுங்கோ" என்றார்கள். லவினியா ஆஹெனிலிருந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அப்பா, உங்களுக்கு இது தெரியாதுதானே, உங்களைக் கீழை விட்டதுதான் பிழை" என்று அழுதாள். என்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒருவனுக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

அதைவிட மோசமானது கீர்த்தனனின் வாக்குமூலம். அவன் கைக்கட்டோடு இருந்துகொண்டு உங்களுக்குச் சொன்னதன் பிரதி வக்கீல் மூலம் எனக்கும் வந்தது. "நான்தான் தெரியாத மனுசனைக் கீழை நிப்பாட்டினது. குழாய் சூடா இருக்கேக்கை ஒருக்கா இறங்கிப் போய்ப் பாத்திருக்கோணும். அண்ணையிலை ஒரு பிழையும் இல்லை." அந்தத் தாளைக் கொறற்றி கண்ணீரோடு வாசித்தாள். "எவ்வளவு பெரிய மனசு" என்றாள். அவள் ஆஸ்பத்திரியால் வந்ததும் செய்த முதல் வேலை, பொல்லை ஊன்றிக்கொண்டு, இரண்டு ரெயின் மாறி அவனைப் பார்க்கப் போனது. அவனுக்குக் கை இரண்டும் கட்டு. அவள் கரண்டியால் ஊட்டினாள். நான் பக்கத்தில் தோடம்பழப் பையோடு நின்றேன். கலியாணம் கட்டி இருபத்துநாலு வருடத்தில் எனக்கு அவள் ஒரு வாய் ஊட்டியதில்லை. எனக்குக் காய்ச்சல், வருத்தம் வந்தபோதும் இல்லை. அவனுடைய முகத்தை நான் கவனிக்கவில்லை. கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரியில், கொம்பனிக்காரர் வருவதாக இருந்த நாளுக்கு முந்திய சனிக்கிழமை, நான் தனியாக அந்த அறைக்குப் போனேன். புது ஹீற்றர் சுவரோரம் பெட்டியோடு சாத்தியிருந்தது. விபத்துக்குப் பிறகு குழாய் வாய்களுக்குப் போட்ட மூடிகள் அப்படியே இருந்தன. கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நிலவறையில் சுவிட்சை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீரை இறக்கினேன். புதுத் தாங்கிகளை மட்டம் பார்த்து அடித்தேன். வால்வின் புரிகளில் சணல் நாரைச் சுற்றி, பசை பூசி இறுக்கினேன். ஹீற்றரைத் தூக்கி மாட்டி, இரண்டு பக்கமும் பூட்டினேன். தண்ணீரை நிரப்பி, சின்னச் சாவியால் காற்றைத் திறந்துவிட்டு, அழுத்தம் ஒன்றரைக்கு வரும்வரை நின்று பார்த்தேன். நாலு மணித்தியாலம் முப்பது நிமிடம். ஒரு சொட்டுக்கூட இல்லை. அடியில் வைத்த கடதாசி அடுத்த நாளும் காய்ந்தே இருந்தது.

விபத்துக்குப் பிறகு கொறற்றி அன்றுவரை அந்த அறைக்குள் போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கதவடியில் நின்று கையை நீட்டி அந்தச் சூட்டைப் பார்த்தாள்.

"இது ஆர் பூட்டினது?"

"நான்."

"ஆர் உதவி?"

"ஒருத்தரும் இல்லை. தனிய."

அவள் ஹீற்றரைப் பார்த்தாள், புது வால்வைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை. மெச்சப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு இந்த வேலை எப்ப தொடக்கம் தெரியும்?"

"ஒக்டோபர் தொடக்கம்" என்றேன். கீழே போய் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். ஓரங்களில் பென்சிலால் நான் தமிழில் எழுதிய குறிப்புகள் எல்லாம் இருந்தன. பத்தொன்பதாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பத்தொன்பதாம் பக்கத்து அடிக்கோட்டில் விரலை வைத்தாள், பிறகு புத்தகத்தை மூடினாள். அன்று பின்னேரமே ஒரு பையில் உடுப்பை எடுத்துக்கொண்டு லவினியாவிடம் ஆஹெனுக்குப் போய்விட்டாள். ரெலிபோன் எடுத்தால் லவினியாதான் கதைக்கிறாள். "அம்மா படுத்திருக்கிறா அப்பா" என்கிறாள், காலை பத்து மணிக்கும்.

உங்கள் கடைசிக் கடிதத்தில், இது கவனக்குறைவால் நடந்த விபத்தாகத் தெரிகிறது, கீர்த்தனனும் வழக்கு வேண்டாம் என்கிறார், ஆகவே விசாரணை அனேகமாக மூடப்படும் என்று இருந்தது. அது எனக்குச் சம்மதம் இல்லை. கவனக்குறைவு என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். இருபத்தாறு வருடம் கம்பி அளந்தவன் நான். ஒரு தலைமயிர் அளவு பிழையும் விட்டதில்லை.

மேலே ஓரிடத்தில், கொறற்றி குசினியில் இருப்பாள் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. அதையும் திருத்தவேண்டும். அந்த இரண்டாவது ரெலிபோனில், குழாய்ச் சூட்டைப் பற்றிக் கேட்டு முடித்தபின், அவன் இன்னும் ஒன்று கேட்டான்.

"அப்ப கழட்டட்டோ அண்ணை? அக்காவும் இஞ்சைதான் நிக்கிறா."

பக்கத்தில் கொறற்றியின் குரல் தெளிவாகக் கேட்டது. "பேசின் என்ரை கையிலை. நீர் பயப்பிடாமல் கழட்டும் தம்பி." அந்தக் குரலில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. நான் கொதிகலனின் சின்னத் திரையைப் பார்த்தேன். எழுபத்துநாலு பாகை. அழுத்தம் இரண்டு. அவளைக் கீழே கூப்பிட எனக்கு ஆயிரம் சாட்டு இருந்தது. தண்ணீர் விடாய்க்குது என்று சொன்னாலே போதும், இறங்கி வந்திருப்பாள்.

"கழட்டு" என்றேன்.

இதுதான் உண்மை. சுவிட்சைப் போட்டதும் நான், திருகைத் திறக்காமல் விட்டதும் நான், கழட்டச் சொன்னதும் நான். கீர்த்தனனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. பழியைத் தான் ஏற்று நல்லவனாகும் பங்கும் அவனுக்கு வேண்டாம்.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை ஆஹெனில் இருக்கும் என் மனைவிக்கும் அனுப்பிவையுங்கள். விலாசம் அடியில் இருக்கிறது. புத்தகத்தைக் கண்ட பிறகும், தெரியாத்தனத்தால் நடந்தது என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அந்தக் கோபத்தில்தான் போயிருக்கிறாள். எல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்று வாசித்தாளானால் வீட்டுக்கு வந்துவிடுவாள்.